ஐம்பது ஹோம் ரன்னுக்குப் பிறகு

1996ஆம் ஆண்டு பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் பிரேடி ஆண்டர்சன் 50 ஹோம் ரன் அடித்தார். அதற்கு முந்தைய எட்டு சீசன்களில் அவருடைய உச்சம் 21. 1994இல் 12, 1995இல் 16. வயதும் 32 ஆகிவிட்டிருந்தது. மறு வருடம் மார்ச் மாதம் அமெரிக்காவில் பலர் அவர் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு மண்டையைக் குடைந்தார்கள். இந்த ஆளை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

அவர்கள் ஓரியோல்ஸ் நிர்வாகிகள் அல்ல. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில் நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி நடத்துகிறவர்கள். ஃபேன்டஸி பேஸ்பால் என்று பெயர். இன்று நாம் அறிந்த வடிவத்தில் இதைத் தொடங்கி வைத்தவர் பத்திரிகையாளரும் எழுத்தாளருமான டேனியல் ஓக்ரென்ட். 1980இல் நியூயார்க்கின் 'லா ரொட்டிஸரி ஃபிரான்ஸேஸ்' என்ற உணவகத்தில் கூடிய நண்பர்கள்தான் முதல் லீக். அதனால்தான் இந்த வகை ஆட்டத்துக்கு இன்றைக்கும் ரொட்டிஸரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாளடைவில் நிலைபெற்ற விதி இது: ஒவ்வொரு அணிக்கும் 260 டாலர், அதைக் கொண்டு ஏலத்தில் 23 வீரர்களை வாங்க வேண்டும். அந்த வீரர்கள் நிஜ மைதானத்தில் அடிக்கும் ஹோம் ரன், அடி விழாமலே ஓடித் திருடும் பேஸ், எடுக்கும் ஸ்ட்ரைக் அவுட் எல்லாம் உங்கள் கணக்கில் சேரும்.

சீசன் முடிந்ததும் எல்லோரையும் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஏலம் போட்டால் அது சாதாரண லீக். சிலரை மட்டும் அடுத்த வருடத்துக்குக் கையோடு கொண்டுபோகலாம் என்றால் அது கீப்பர் லீக். ஐபிஎல் தக்கவைப்புப் பட்டியலுக்காகக் காத்திருந்து பழகிய நமக்கு இது எளிதில் புரியும். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஐபிஎல்லில் தக்கவைப்புக்கான தொகை அடுக்குகளை வாரியம் வகுக்கிறது. கீப்பர் லீகிலோ போன வருடம் நீங்கள் என்ன விலைக்கு எடுத்தீர்களோ அதே விலை தொடரும். 3 டாலருக்கு எடுத்த பொடியன் நட்சத்திரமாகிவிட்டாலும் உங்களுக்கு அவர் 3 டாலர்தான். ஏலம் இல்லாமல் சுற்று முறையில் ஆள் எடுக்கும் லீகுகளில் டாலருக்குப் பதில் சுற்று எண் விலையாகிறது. கணக்கு ஒன்றுதான்.

ஆகவே யார் நல்ல வீரர் என்பது இங்கே பாதிக் கேள்விகூட இல்லை. ஆனாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் அதிலேயே பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள்.

போன வருட எண் என்பது திறமையும் அதிர்ஷ்டமும் கலந்த ஒன்று. காற்று எந்தப் பக்கம் வீசியது, எதிரணி ஃபீல்டர் ஓரடி தள்ளி நின்றாரா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டிருக்கும். திறமை அடுத்த வருடமும் கூட வரும், அதிர்ஷ்டம் வராது. பட்டியலின் உச்சியில் இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், திறமைசாலிகளையும் அந்த வருடம் அதிர்ஷ்டம் வாய்த்தவர்களையும் சேர்த்தேதான் பொறுக்குகிறோம். அந்தக் கூட்டம் மறு வருடம் சற்றுக் கீழிறங்கித்தான் ஆகும். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியலில் சொல்வது இதைத்தான். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பார்த்தால் பெற்றோரைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதை 1886இல் ஃபிரான்சிஸ் கால்டன் எண்களோடு எடுத்துக்காட்டினார்.

இதை பேஸ்பாலில் நிரூபித்த ஆய்வு புள்ளியியல் மாணவர்களுக்கு இன்றும் பாடமாக இருக்கிறது. பிராட்லி எஃப்ரனும் கார்ல் மோரிஸும் 1977இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதியது. கிரிக்கெட் சராசரியை மனதில் வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் அதை ஒதுக்கிவையுங்கள். பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது மட்டை பிடித்த முறைகளில் எத்தனை பங்கு ஹிட், அதாவது அடித்துப் பாதுகாப்பாக பேஸ் சேர்ந்தது, என்கிற விகிதம். .300 எடுத்தால் நல்ல ஆட்டக்காரர், .400 என்பது ஏறக்குறைய எட்டாக்கனி.

1970 சீசனின் தொடக்கத்தில், தலா 45 முறை மட்டை பிடித்து முடித்திருந்த 18 வீரர்களை எடுத்துக்கொண்டார்கள். பட்டியலின் உச்சியில் பிட்ஸ்பர்க் பைரட்ஸின் ராபர்டோ க்ளெமென்டே. 45க்கு 18 ஹிட், அதாவது .400. அடிமட்டத்துக்கு அருகில் நியூயார்க் யாங்கீஸின் புதுமுகம் தர்மன் மன்சன், 45க்கு 8. சராசரி .178. மிச்ச சீசனில் இவர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு அடிப்பார்கள்? இதுவரை அடித்ததையே இனியும் அடிப்பார்கள் என்று சொல்வது ஒரு வழி. புள்ளியியலாளர் சார்லஸ் ஸ்டைன் 1950களில் கண்டுபிடித்து, பின்னர் வில்லார்ட் ஜேம்ஸோடு சேர்ந்து மெருகேற்றிய வழி இன்னொன்று. 18 பேரின் பொதுச் சராசரியான .265ஐ நடுவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறாரோ அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நம்பு, மீதியைத் தள்ளு என்கிறது அது.

அதன்படி க்ளெமென்டே .400லிருந்து .290 அளவுக்கு இறங்கினார், மன்சன் .178லிருந்து .247க்கு ஏறினார். மிச்ச சீசனில் மன்சன் அடித்தது .316. அந்த வருடம் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் என்ற விருது அவருக்குத்தான். க்ளெமென்டே .346 அடித்தார். அவர் விஷயத்தில் இரண்டு கணிப்புகளும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குப் பிசகின, ஏனென்றால் அவர் நிஜமாகவே மகத்தான ஆட்டக்காரர். ஆனால் 18 பேரில் 16 பேருக்குச் சுருக்கிய கணிப்பே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால் முதல் வழியின் பிழை மூன்றரை மடங்கு. மன்சனை ஒரு டாலருக்கு வைத்திருந்தவர் 45 முறைக்குப் பிறகு பொறுமை இழந்து கைகழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

45 முறை என்பது மிகக் குறைவு, ஒரு முழு சீசன் என்றால் 600 முறை ஆயிற்றே, அதை நம்பலாம் அல்லவா? இன்னும் கொஞ்சம் அதிகமாக நம்பலாம், முழுசாக அல்ல. டாம் டாங்கோ என்ற புனைபெயரில் எழுதும் பேஸ்பால் ஆய்வாளர் 'மார்செல்' என்று ஒரு கணிப்பு முறை வைத்திருக்கிறார். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் வரும் குரங்கின் பெயர் அது. குரங்கால்கூடப் போட முடிகிற கணக்கு, இதைக்கூடத் தாண்டாத கணிப்புக்குக் காசு கொடுக்காதீர்கள் என்பது கிண்டல். கடைசி மூன்று வருடங்களுக்கு 5, 4, 3 என்று எடை கொடு. லீக் சராசரியை நோக்கிச் சற்று இழு. வயது 29க்குக் கீழ் என்றால் கொஞ்சம் கூட்டு, மேல் என்றால் கொஞ்சம் கழி. அவ்வளவுதான் மார்செல்.

1997 மார்ச்சில் மார்செல் கிடையாது. பின்னோக்கிப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டர்சனின் 50ஐ ஐந்தால் பெருக்கினால் 250, 16ஐ நான்கால் பெருக்கினால் 64, 12ஐ மூன்றால் பெருக்கினால் 36. கூட்டினால் 350, எடைகளின் கூட்டுத்தொகையான 12ஆல் வகுத்தால் 29. 1994இல் வேலைநிறுத்தத்தால் சீசன் பாதியில் நின்றது என்பதை இங்கே கண்டுகொள்ளவில்லை. பிறகு சராசரியை நோக்கி ஓர் இழுப்பு, வயதுக்காக ஒரு கழிப்பு. எண் 29க்கும் கீழே போகும். 1997இல் அவர் அடித்தது 18. ஓய்வு பெறும்வரை அவர் ஒரு சீசனில் 24ஐத் தாண்டவே இல்லை. குரங்குக் கணக்கும் தவறுதான், ஆனால் 50ஐ நம்பியவர் செய்த தவறில் பாதிகூட இல்லை.

பந்து வீசும் பிட்சர்கள் விஷயத்தில் அதிர்ஷ்டம் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. 2001இல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் ஒரு கட்டுரையில் சொன்னதைக் கேட்டுப் பலரும் முதலில் சிரித்தார்கள்: மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழுகிற பந்து ஹிட் ஆகிறதா இல்லையா என்பதில் பிட்சரின் கை மிகச் சிறிது. அவர் காட்டிய உதாரணங்களில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் பெட்ரோ மார்ட்டினெஸும் உண்டு. 1999இல் அவர் வீசி மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஹிட் ஆனது. 2000இல் நான்கில் ஒன்றுகூட ஆகவில்லை. இரண்டு வருடமும் பேஸ்பாலிலேயே சிறந்த பிட்சர் அவர்தான். திறமை மாறவில்லை, விழுந்த இடம் மாறியது. மெக்ராக்கனின் வாதத்தைப் பின்வந்தவர்கள் ஓரளவு திருத்தினார்கள். சில வகை பிட்சர்களுக்குச் சிறிதளவு கட்டுப்பாடு உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். அடித்தளம் ஆடவில்லை. ஆகவே பிட்சரை வைத்துக்கொள்வதா என்று பார்க்கும்போது, விட்டுக்கொடுத்த ரன் விகிதத்தைக் கையால் மூடிவிட்டு ஸ்ட்ரைக் அவுட்டையும், தவறான வீச்சுகளால் மட்டையாளருக்கு இலவசமாக பேஸ் கொடுக்கும் 'வாக்' எண்ணிக்கையையும் பாருங்கள். அவை அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

பிட்சர்களிடம் இன்னொரு வம்பு, முழங்கை. ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2010 ஜூன் 8 அன்று தன் முதல் ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். செப்டம்பரில் அறுவை சிகிச்சை மேசையில் படுத்திருந்தார். இளம் பிட்சரை நம்பி நீண்டகாலத் திட்டம் போடுகிறவரை நான் தைரியசாலி என்று மட்டும்தான் சொல்வேன்.

சரி, கணிப்பு ஆயிற்று. இனி விலை. இந்தப் பகுதிதான் கீப்பர் லீகின் அசல் விஞ்ஞானம், என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் அழகே இங்கேதான் இருக்கிறது.

12 அணிகள், ஆளுக்கு 260 டாலர். லீகில் மொத்தம் 3,120 டாலர். வாங்கப்போவது 276 வீரர்களை. ஒவ்வொருவரும் எவ்வளவு தேறுவார் என்று மதிப்புப் போட்டால், அத்தனை பேரின் மதிப்பும் சேர்ந்து அதே 3,120க்குச் சரியாக வர வேண்டும். யாரையும் தக்கவைக்காத லீகில் 30 டாலர் மதிப்புள்ளவர் 30 டாலருக்குப் போவார்.

இப்போது எல்லா அணிகளும் தங்கள் மலிவுச் சரக்கை வைத்துக்கொள்கின்றன. அப்படி வைத்துக்கொண்ட வீரர்களின் மொத்த மதிப்பு 1,400 டாலர், அவர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளம் 800 என்று வைத்துக்கொள்வோம். ஏலத்துக்கு வரும் பணம் 3,120 கழித்தல் 800, அதாவது 2,320. ஏலத்துக்கு வரும் சரக்கு 3,120 கழித்தல் 1,400, அதாவது 1,720. 1,720 டாலர் சரக்கைத் துரத்த 2,320 டாலர் பணம். வகுத்தால் 1.35. அச்சடித்த நோட்டு மார்க்கெட்டில் பெருகிப்போனால் அரிசி விலைக்கு என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். 30 டாலர் ஆள் 40 டாலருக்குப் போவார். இந்த ஆட்டத்தில் ஊறியவர்கள் இதைப் பணவீக்கம் என்றே சொல்கிறார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கையில் இருக்கும் மூவரைப் பாருங்கள். முதலாமவர் நட்சத்திரம், மதிப்பு 36, சம்பளம் 34. லாபம் வெறும் 2 டாலர் என்று தோன்றும். ஆனால் அவரை விட்டுவிட்டு ஏலத்தில் மறுபடி எடுக்கப் போனால் 36ஐ 1.35ஆல் பெருக்கிய விலை, கிட்டத்தட்ட 49 கொடுக்க வேண்டியிருக்கும். மெய்யான லாபம் 15. இரண்டாமவர் மதிப்பு 15, சம்பளம் 2. ஏலத்தில் 20 ஆகும், லாபம் 18. மூன்றாமவர் மதிப்பு 24, சம்பளம் 30. பார்த்ததுமே நஷ்டம் என்று தூக்கிப் போடத் தோன்றும். ஏல விலையோ 32. காகிதத்தில் அவரிடமும் 2 டாலர் லாபம் இருக்கிறது!

மூன்றாமவரை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். 24 என்ற மதிப்பே ஒரு கணிப்பு, அதில் ஐந்தாறு டாலர் தவறு சர்வசாதாரணம். அந்தத் தவறுக்குள் 2 டாலர் லாபம் முங்கிக் காணாமல் போய்விடும். கையில் 30 டாலர் ரொக்கமாக இருந்தால் ஏலத்தில் யார் மலிவாகச் சிக்குகிறார்களோ அங்கே பாயலாம். முதலாமவரை, பலரும் செய்வதற்கு மாறாக, வைத்துக்கொள்வேன். இன்னொரு காரணமும் உண்டு. பணவீக்கம் எல்லார் மேலும் சமமாக ஏறாது. ஏலத்தின் கடைசியில் 1 டாலருக்குப் போகிறவர் எப்போதும் 1 டாலருக்குத்தான் போவார். மிஞ்சிய பணமெல்லாம் உச்சாணிக் கொம்பில் இருக்கும் நாலைந்து பேர் தலையில்தான் விழும். நட்சத்திரத்தை ஏலத்துக்கு அனுப்பினால் 49 அல்ல, 55க்கும் போகலாம்.

சம்பளம் என்றென்றும் அதே நிலையில் நிற்காது. பழைய ரொட்டிஸரி விதியில் மூன்றாம் வருடம் ஒரு முடிவெடுக்க வேண்டும்: விட்டுவிடு, அல்லது அந்த ஒரு வருடத்தோடு முடித்துக்கொள், அல்லது ஒப்பந்தத்தை நீட்டு. நீட்டினால் கூடுதலாக வரும் ஒவ்வொரு வருடத்துக்கும் சம்பளத்தில் 5 டாலர் ஏறும். 2 டாலர் ஆளை இரண்டு வருடம் நீட்டினால் 12. இன்றைய பல லீகுகள் சொந்தமாக வேறு விகிதம் வைத்திருக்கின்றன. உங்கள் லீகின் விதிப்புத்தகத்தை ஒருமுறை முழுசாகப் படிப்பது எந்தக் கணிப்பு முறையைவிடவும் லாபம் தரும்.

வயது இந்த நீட்டிப்புக் கேள்வியில்தான் முக்கியமாகிறது. மட்டையாளரின் உச்ச வயது 27 வாக்கில் என்று பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் 1980களின் தொடக்கத்தில் எழுதினார். பிறகு வந்தவர்கள் 29 வரை இழுத்தார்கள். தகராறுக்குக் காரணம் உண்டு. சோபிக்காதவர்கள் இளவயதிலேயே ஆட்டத்தை விட்டுப் போய்விடுகிறார்கள். 34 வயதில் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களை மட்டும் பார்த்தால் வயது யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் தெரியும். ஓட்டம் முதலில் குறையும், அடியின் பலம் பிறகுதான் குறையும். இளசுகள் மேல் பந்தயம் கட்டுவதில் சுகம் உண்டு. மைக் ட்ரௌட் 2011இல் 40 ஆட்டங்களில் .220 அடித்தார். அதைப் பார்த்துவிட்டு அவரை விட்டவர்கள் இருந்திருப்பார்கள். மறு வருடம் 20 வயதில் .326, 30 ஹோம் ரன், 49 ஸ்டோலன் பேஸ். ஆனால் ஒரு ட்ரௌட்டுக்குப் பின்னால் பெயர் நினைவில் இல்லாத பல இளைஞர்கள் கீழ்நிலை மைனர் லீகிலேயே மங்கிப்போயிருக்கிறார்கள். அவர்களுக்காக அடைத்து வைத்த இடம் நமக்குச் செலவு.

ஆட்டத்தின் விதியே மாறினால் மதிப்பும் மாறும். 2023இல் மேஜர் லீக் பேஸின் அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கியது, பிட்சருக்குக் கடிகாரம் வைத்தது, ஓடத் துடிப்பவரைத் தடுக்கும் எறிகளுக்கு வரம்பு போட்டது. முந்தைய வருடம் 2,486 ஆக இருந்த ஸ்டோலன் பேஸ் 3,503க்கு எகிறியது. எல்லோரும் ஓடத் தொடங்கிய பிறகு, ஓட மட்டும் தெரிந்தவருக்கு என்ன விலை? ஓக்லண்டின் எஸ்டூரி ரூயிஸ் அந்த வருடம் 67 பேஸ் திருடி அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்தார். மறு வருடம் மைனர் லீகும் காயமுமாகப் போய், மேஜர் லீகில் ஆடியது 29 ஆட்டம்தான். அணியில் இடம் நிச்சயமில்லாத வீரரின் எண்ணிக்கைகள் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அவற்றில் ஒரு பகுதியை மனதிலேயே கழித்துவிட வேண்டும்.

இவ்வளவு கணக்கையும் போட்டு முடித்தபின் மனசு ஒன்று குறுக்கே வந்து நிற்கும். 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்துவிட்டு, விற்பதாக இருந்தால் என்ன விலை என்று கேட்டார்கள். கோப்பை கிடைத்தவர்கள் 5 டாலர் வாக்கில் கேட்டார்கள். கிடைக்காதவர்கள் கொடுக்க முன்வந்தது இரண்டரை டாலர் அளவே. கையில் வந்த மறு நிமிடமே பொருளின் விலை மனசுக்குள் ஏறிவிடுகிறது. ஐந்து நிமிடக் கோப்பைக்கே இப்படி என்றால், ஆறு மாதம் தினமும் காலையில் எழுந்ததும் ஸ்கோர் பார்த்து வளர்த்த வீரர் என்ன ஆவார்? கொடுத்த விலையும் கண்ணை மறைக்கும். பாரி ஸ்டாவும் ஹா ஹோவாங்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்து அணிகள் முன்வரிசையில் தேர்வு செய்த வீரர்களை, ஆட்டம் எப்படி இருந்தாலும், கூடுதல் நேரம் களத்தில் வைத்திருந்தது தெரிந்தது. கோடிக்கணக்கில் பணம் புழங்கும் தொழில்முறை அணிகளே அப்படி.

இதற்கு ஓரளவு மருந்து உண்டு. ஜான் லிஸ்ட் 2003இல் விளையாட்டு நினைவுப்பொருள் சந்தைகளில் நடத்திய சோதனையில், அடிக்கடி வாங்கி விற்றுப் பழகியவர்களிடம் இந்தப் பற்று வெகுவாகக் குறைந்திருந்தது. புதியவர்கள்தான் கையில் இருந்ததை விடவே மறுத்தார்கள். ஆகவே சீசன் நடுவில் சும்மா இருக்காமல் வீரர்களைப் பரிமாறிக்கொண்டே இருங்கள். முக்கியமாக ஆகஸ்டுக்கு முன்பு, பட்டம் வெல்ல வாய்ப்பில்லை என்று தெரிந்ததும், அடுத்த வருடம் தக்கவைக்க முடியாத விலையில் இருக்கும் நட்சத்திரத்தை முன்னணியில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு அவரிடம் இருக்கும் 2 டாலர், 3 டாலர் இளைஞர்களை வாங்கிக்கொள்ளுங்கள். சில லீகுகளில் இதைக் குறை சொல்வார்கள். விதி அனுமதித்தால் தயங்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. உங்கள் பட்டியலைக் கொடுக்கும்போது நீங்கள் பயன்படுத்திய 1.35 வெறும் ஊகம். மற்ற பதினோரு பேர் யாரை வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அப்போது உங்களுக்குத் தெரியாது. எல்லாப் பட்டியலும் வெளியான அன்று ராத்திரியே அந்த வகுத்தலை நிஜ எண்களோடு மறுபடி போட்டு, ஏலத்துக்கு வரும் ஒவ்வொருவர் விலையையும் திருத்திக்கொள்ளுங்கள். பேனாவும் காகிதமும் இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும். இதைச் செய்யாமல் பழைய விலைப்பட்டியலோடு போய் உட்கார்கிறவர், ஏலம் முடியும்போது செலவழிக்காத டாலரும் தேறாத வீரர்களுமாக எழுந்து வருவார்.